தகுதியில்லை என்று திருவிருந்துக்குப் போகாமல் இருப்பது சரியா?

தாமிரபரணிக்கரை எழுதியது:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில் பிறந்தவள். திடப்படுத்தல் பெற்ற நாள் முதல், அப்பமும் திராட்சரசமும் பெறும் நற்கருணைப் பந்தியான திருவிருந்தைத் தவறவிட்டதில்லை. ஆனால் இப்போது சில வருடங்களாகப் பந்தியில் சேருவதில்லை. ஆராதனைக்குப் போகிறேன், பிரசங்கம் கேட்கிறேன். நற்கருணை ஆராதனை தொடங்கும்போது எழுந்து வெளியே வந்துவிடுகிறேன். யாராவது கேட்டால் மாமியாருக்குச் சுகமில்லை என்று சொல்கிறேன்.

திருமணத்துக்குப் பிறகு எனக்கு அடுத்தடுத்துக் கர்ப்பம் கலைந்தது. உறவினர் ஒருவர் ஒரு ஜெபவீட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே இருந்த ஊழியக்காரர் என் தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டு, "உங்கள் கூடாரத்தில் ஆகான் ஒளித்துவைத்தது இருக்கிறது. அறிக்கையிடாத பாவம் ஒன்று இருக்கிறது. அதை எடுத்துப்போடும்வரை கர்ப்பம் தங்காது" என்றார். கூடியிருந்த எல்லாருக்கும் கேட்டது.

அன்று முதல் என் வாழ்க்கையைத் துருவிக்கொண்டே இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் சொன்ன பொய் வரைக்கும் நோட்டில் எழுதி அறிக்கையிட்டேன். ஒன்றை முடித்தவுடன் இன்னொன்று நினைவுக்கு வரும். அதைச் சரியாகச் சொன்னேனா, மனப்பூர்வமாகச் சொன்னேனா என்ற சந்தேகம் அதற்குப் பின்னால் வரும். இப்போது ஜெபத்தின் நடுவிலேயே ஆண்டவரைத் தூஷிக்கும் வார்த்தைகள் மனதில் ஓடுகின்றன. அபாத்திரமாய், அதாவது தகுதியில்லாமல், போஜனபானம்பண்ணுகிறவன் தனக்கு ஆக்கினைத்தீர்ப்பு வரும்படி பண்ணுகிறான் என்றும், அதனால் அநேகர் வியாதியுள்ளவர்களாகி மரித்தும் போனார்கள் என்றும் 1 கொரிந்தியர் 11-இல் இருக்கிறதே. இந்த நிலையில் அப்பத்தைத் தொட்டு, இனி வரப்போகும் குழந்தைக்கும் ஏதாவது ஆகிவிட்டால்?

வேதம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நான் விலகியிருப்பது சரிதானே?

பாளை வாத்தியார் எழுதியது:

அம்மா, சரியில்லை. நீங்கள் பந்திக்கு வர வேண்டும். ஏன் என்பதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த அதிகாரத்தை 27-ஆம் வசனத்தில் தொடங்காமல் 17-இல் தொடங்கிப் படியுங்கள். கொரிந்து சபையில் அன்று திருவிருந்து ஒரு முழுச் சாப்பாட்டோடு சேர்ந்து நடந்தது. வசதியுள்ளவர்கள் முன்னதாக வந்து தாங்கள் கொண்டுவந்ததைத் தாங்களே சாப்பிட்டு முடித்துவிட்டார்கள். வேலை முடித்துத் தாமதமாக வந்த ஏழைகளுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்" என்கிறார் பவுல். "தேவனுடைய சபையை அசட்டைபண்ணி, இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?" என்று கேட்கிறார். அவருடைய கோபம் முழுவதும் அங்கே இருக்கிறது. எச்சரித்து முடித்தபின் அவர் சொல்லும் பரிகாரத்தையும் பாருங்கள்: "நீங்கள் போஜனம்பண்ணக் கூடிவரும்போது, ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்." உங்கள் பழைய பாவங்களுக்குப் பட்டியல் போடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. அடுத்தவன் பசியைப் பார்க்காமல் தின்றவர்களுக்கு எழுதிய கடிதத்தை எடுத்து, கூட்டத்தின் நடுவில் வெட்கப்படுத்தப்பட்ட ஒரு பெண்ணின் தலையில் வைக்கிறோம். அந்த அதிகாரத்தில் உங்களுக்கு ஓர் இடம் உண்டு என்றால், அது வெட்கப்படுத்தப்பட்டவர்கள் பக்கத்தில்தான்.

28-ஆம் வசனம், எந்த மனுஷனும் தன்னைச் சோதித்தறிந்து "இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன்" என்கிறது. சோதித்துப் பார்த்துவிட்டு எழுந்து வீட்டுக்குப் போகக்கடவன் என்று இல்லை.

ஆகானைப் பற்றியும் ஒரு சொல். யோசுவா 7-இல், எரிகோவில் விலக்கப்பட்டதைத் திருடித் தன் கூடாரத்தில் புதைத்த ஆகானுக்கு, தான் எடுத்தது என்ன என்று நன்றாகத் தெரியும். பாபிலோனிய சால்வை ஒன்று, 200 சேக்கல் வெள்ளி, 50 சேக்கல் நிறையுள்ள பொன்பாளம். புதைத்த இடமும் தெரியும். கேட்டவுடன் சொல்லிவிட்டான். இல்லாத ஒன்றைத் தேடி ஆண்டுக்கணக்கில் தன் கூடாரத்தையே தோண்டிக்கொண்டிருக்கும்படி கர்த்தர் யாருக்கும் அங்கே கட்டளையிடவில்லை.

விழித்திரு எழுதியது:

அன்பான சகோதரிக்கு, அந்த ஊழியக்காரர் எல்லார் முன்பாகவும் அப்படிச் சொன்னது அன்பில்லாத செயல். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

ஆனால் வாத்தியார் ஐயா எழுதுவதைப் படிக்கும் மற்றவர்களை நினைத்தும் எனக்குக் கவலையாக இருக்கிறது. பாவத்துக்கும் வியாதிக்கும் சம்பந்தமே இல்லை என்று வேதம் சொல்கிறதா? பெதஸ்தாவில் சுகமானவனிடம் ஆண்டவர், "அதிக கேடானதொன்றும் உனக்கு வராதபடி இனிப் பாவஞ்செய்யாதே" என்றார். "நீங்கள் சொஸ்தமடையும்படிக்கு, உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு" என்று யாக்கோபு எழுதுகிறார். எங்கள் பகுதியில் சனிக்கிழமை இரவு வட்டிக் கணக்கைத் தீர்க்க ஒருவன் வீட்டுப் பசுவை ஓட்டி வந்துவிட்டு, ஞாயிறு காலை முதல் வரிசையில் முழங்காற்படியிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மருமகளிடம் மீதி நகையைக் கேட்டு அடித்துவிட்டு வந்து பாத்திரத்தில் பானம்பண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். தகுதி பார்க்க வேண்டாம் என்று பொதுவாகச் சொன்னால் அவர்கள்தான் முதலில் சந்தோஷப்படுவார்கள். கிருபை விலையேறப்பெற்றது.

பாளை வாத்தியார் எழுதியது:

தம்பி, வட்டிக்காரரையும் மருமகளை அடிப்பவரையும் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு வரிகூட நான் மறுக்க மாட்டேன். கொரிந்தியருக்கு எழுதிய எச்சரிப்பு அவர்களுக்கே பொருந்தும். ஆனால் அவர்கள் யாரும் பந்தியை விட்டு எழுந்து போவதில்லை, பாருங்கள். இந்த அம்மாதான் போகிறார். கடிந்துகொள்ள வேண்டியவருக்கு உறைக்காமல், தேற்ற வேண்டியவரைக் குத்துகிற மாதிரிதான் நம் பிரசங்கங்கள் பெரும்பாலும் அமைகின்றன. நாம் யாரை நினைத்துப் பேசுகிறோம் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

வியாதிக்கும் பாவத்துக்கும் எந்நேரமும் கணக்குப் பார்க்கும் பழக்கத்தை ஆண்டவரே கண்டித்திருக்கிறார். பிறவிக் குருடனைக் காட்டி, "இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ" என்று சீஷர்கள் கேட்டபோது இரண்டும் இல்லை என்றார். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்று அவரே சொன்னார். யோபுவின் சிநேகிதர்கள் வெகு பக்தியோடு பேசினார்கள். முடிவில் கர்த்தர், "நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்று அவர்களைத்தான் கோபித்தார்.

யாக்கோபையும் இரண்டு வசனம் முன்னால் போய்ப் படிக்க வேண்டும். வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை வரவழைக்க வேண்டும், அவர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டும், விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும். அங்கே விசுவாசத்தோடு ஜெபிக்கும் பொறுப்பு மூப்பர்களுடையது. கூரையைப் பிரித்துத் திமிர்வாதக்காரனை இறக்கினார்களே, அங்கேயும் தூக்கி வந்தவர்களுடைய விசுவாசத்தைத்தான் இயேசு கண்டார் என்று மாற்கு எழுதுகிறார். படுத்துக் கிடப்பவனிடம் போய் உனக்கு விசுவாசம் போதாது என்று சொல்லும் உரிமையை நமக்கு யார் கொடுத்தது?

செவிலி நாகர்கோவில் எழுதியது:

அக்கா, நான் மகப்பேறு வார்டில் வேலை செய்கிறேன். வேத விளக்கத்தை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

உறுதியான கர்ப்பங்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரை கலைந்துவிடுகின்றன. முதல் மூன்று மாதத்தில் கலைவதில் சுமார் பாதிக்குக் குரோமோசோம் கோளாறே காரணம். கரு உருவாகும்போதே எண்ணிக்கை பிசகிவிடுகிறது. நீங்கள் பளு தூக்கியதாலோ, பஸ்ஸில் போனதாலோ, மாமியாரிடம் கோபப்பட்டதாலோ அது நடப்பதில்லை.

அடுத்தடுத்துக் கலைந்தால் சில பரிசோதனைகள் கட்டாயம் செய்ய வேண்டும். தைராய்டு, சர்க்கரை, கர்ப்பப்பையின் அமைப்பு, கணவன் மனைவி இருவருடைய குரோமோசோம், இரத்தம் தேவையில்லாமல் உறையும் ஆன்டிபாஸ்போலிப்பிட் பிரச்சினை. இந்தக் கடைசிப் பிரச்சினை இருந்தால் சிறிய அளவு ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் கொடுப்பார்கள். அதற்குப் பிறகு நல்லபடியாகப் பிள்ளை பெற்றவர்களை நான் என் கையால் வார்டிலிருந்து அனுப்பிவைத்திருக்கிறேன். இந்தப் பரிசோதனைகள் உங்களுக்கு நடந்ததா? நோட்டில் பாவங்களை எழுதச் சொன்னவர்களில் ஒருவராவது, ஒரு நல்ல மருத்துவரைப் பாருங்கள் என்று சொன்னார்களா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அறிக்கையிட்டதையே திரும்பத் திரும்ப அறிக்கையிடுவது, நீங்கள் வெறுக்கும் எண்ணங்களே ஜெபத்தில் ஓடுவது, இரண்டும் மனநல மருத்துவர்கள் நன்றாக அறிந்த ஒரு நோயின் அடையாளங்களாக இருக்கலாம். எண்ணச் சுழற்சி நோய் என்பார்கள், ஆங்கிலச் சுருக்கத்தில் ஓ.சி.டி. கை கழுவிக்கொண்டே இருப்பது அதன் ஒரு வகை. பாவத்தைக் கழுவிக்கொண்டே இருப்பது இன்னொரு வகை. சிகிச்சை உண்டு, மாத்திரையும் உண்டு, பயிற்சியும் உண்டு. உங்களுக்கு அதுதான் என்று நான் முடிவு சொல்லவில்லை, அதை மருத்துவர் சொல்லட்டும். உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் அரசின் டெலி மானஸ் எண் 14416-க்கு அழையுங்கள். தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் இல்லை.

சகாய அன்னை பக்தன் எழுதியது:

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க! நான் கத்தோலிக்கன். உங்கள் சபை வழக்கங்களில் தலையிட வரவில்லை. ஆனால் செவிலிச் சகோதரி சொன்ன அந்த வேதனை எங்கள் பக்கத்தில் மிகப் பழையது. குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத் தொட்டி உள்ள இடத்தில் அது இருக்கத்தான் செய்யும்.

இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசா ஊரில் இருந்தபோது இதே நிலையில் தவித்தார். அதற்கு முன்பே மோன்செராட் மடத்தில் மூன்று நாள் எடுத்துக்கொண்டு தம் முழு வாழ்க்கைக்கும் எழுதிவைத்து பாவசங்கீர்த்தனம் செய்திருந்தார். ஆனாலும் ஏதோ விட்டுப்போயிற்று என்ற எண்ணம் அவரை விடவில்லை. அமைதி கிடைக்கும்வரை சாப்பிடுவதில்லை என்று ஒரு வாரம் முழுவதும் பட்டினி கிடந்தார். அவருடைய ஆன்மகுரு, உபவாசத்தை விட்டுவிட்டுச் சாப்பிடு என்று கட்டளையிட்டார். கடைசியில் அவர் எடுத்த முடிவு, பழைய பாவங்களை இனி ஒருபோதும் திரும்ப அறிக்கையிடுவதில்லை என்பது. அதற்குப் பிறகுதான் விடுதலை கிடைத்தது. பிறகு புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரும் அப்படித்தானே? 1505-இல் எர்ஃபுர்ட் மடத்தில் சேர்ந்தவர், மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் செய்து தம் குருவான ஸ்டாபிட்சையே களைப்படைய வைத்தார். உன்னைப் பார்க்காதே, கிறிஸ்துவின் காயங்களைப் பார் என்று அந்தக் குரு அவரைத் திருப்பினார். பிற்காலத்தில் எதிரெதிர்த் திசையில் போன இரண்டு பேர், இந்த ஒரு விஷயத்தில் ஒரே வலியை அனுபவித்திருக்கிறார்கள். ரெடம்ப்டரிஸ்ட் துறவற சபையை 1732-இல் நிறுவிய அல்போன்ஸ் லிகோரியாரும் வாழ்நாளெல்லாம் இதனால் துன்பப்பட்டவர். இப்படிப்பட்டவர்களுக்கு எங்கள் பக்கத்தில் சொல்லும் பழைய அறிவுரை இதுதான்: ஒரே ஒரு நல்ல ஆன்மகுருவைத் தேர்ந்துகொள், போதும் என்று அவர் சொன்னால் நிறுத்திவிடு, உன் மனம் சொல்வதைக் கேட்காதே.

பிரான்சில் ஜான்சனியவாதிகள் என்ற கடுமையான கத்தோலிக்கக் குழுவினர் தகுதியின் அளவை உயர்த்திக்கொண்டே போனதால், பக்தியுள்ள மக்கள்கூட வருடத்துக்கு ஒரு முறை நன்மை (நற்கருணை) வாங்குவதற்கே நடுங்கினார்கள். அந்தப் பயத்தின் நிழல் வெகுகாலம் நீடித்தது. திருத்தந்தை பத்தாம் பயஸ் 1905-இல், கனமான பாவம் இல்லாமல் நல்ல நோக்கத்தோடு வருகிற எவரையும் தடுக்காதீர்கள், அடிக்கடி வரச் சொல்லுங்கள் என்று ஆணை வெளியிட்ட பிறகுதான் நிலைமை மாறியது. திருத்தந்தை பிரான்சிஸ் 2013-இல், நற்கருணை முழுமை பெற்றவர்களுக்கான பரிசு அல்ல, பலவீனருக்கான மருந்தும் உணவும் என்று எழுதினார்.

பூசையில் நன்மை வாங்குவதற்கு முன் நாங்கள் எல்லாரும் சேர்ந்து சொல்வது, நான் தகுதியற்றவன், ஆனால் ஒரு வார்த்தை சொல்லும், என் ஆன்மா நலமடையும் என்பதுதான். தகுதி இல்லை என்று சொன்னவுடன் வரிசையில் போய் நிற்கிறோம். அது போகாமலிருப்பதற்கான காரணம் இல்லை.

பாளை வாத்தியார் எழுதியது:

தன் வேலைக்காரனின் சுகத்துக்காக அந்த வாக்கியத்தைச் சொன்ன படைத்தலைவன், நூற்றுக்கு அதிபதியின் கதையை லூக்கா 7-இல் படித்தால் இன்னும் அருமையாக இருக்கும். ஊர் மூப்பர்கள் வந்து, அவன் பாத்திரனாயிருக்கிறான், நமக்கு ஜெபஆலயம் கட்டிக்கொடுத்தான் என்று சிபாரிசு செய்கிறார்கள். அவனோ ஆள் அனுப்பி, "நீர் என் வீட்டு வாசலுக்குள் பிரவேசிக்க நான் பாத்திரன் அல்ல" என்கிறான். இயேசு ஆச்சரியப்பட்டது அவன் கட்டிய ஆலயத்தைக் குறித்து அல்ல.

சி.எஸ்.ஐ. திருவிருந்து ஒழுங்கிலும், உமது பந்தியிலிருந்து விழும் துணிக்கைகளைப் பொறுக்கவும் நாங்கள் பாத்திரர் அல்ல என்று சொல்லும் ஜெபம் உண்டு. 1548-இல் இங்கிலாந்துத் திருச்சபை ஒழுங்கில் வந்தது, 1947-இல் ஐக்கியமானபோது நம்மோடும் வந்தது. அதைச் சொன்ன பிறகே அப்பம் தருகிறார்கள்.

கீழைத்தெரு எழுதியது:

வாத்தியார் ஐயா கொரிந்து சபையைப் பற்றி எழுதியதைப் படித்ததும் எனக்கு என் பாட்டி நினைவு வந்தது. எங்கள் தெருவிலிருந்து போனவர்கள் பந்தியில் கடைசியாகத்தான் முழங்காற்படியிட வேண்டும். பாத்திரத்தில் எங்கள் ஆட்கள் வாய் வைத்த பிறகு வேறு யாரும் வாய் வைக்க மாட்டார்கள். எந்த ஊர் என்று சொல்ல விரும்பவில்லை, பல ஊர்களில் அதுதான் நடந்தது. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் சபைக்குள் சாதி வித்தியாசம் கூடாது, திருவிருந்தில் எல்லாரும் ஒன்றாகச் சேர வேண்டும் என்று கடிதம் எழுதினார். அதற்குத் தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் எவ்வளவு எதிர்ப்பு! சபையை விட்டே போனவர்கள் உண்டு. அவர்கள் எல்லாரும் தங்களைத் தகுதியுள்ளவர்கள் என்றுதான் நினைத்தார்கள்.

என் பாட்டி சாகும்வரை தன்னை அபாத்திரம் என்றே சொல்லிக்கொண்டார். அதை யாரும் வேதத்தைத் திறந்து அவருக்குக் கற்பிக்கவில்லை. உட்கார வைத்த இடமே கற்பித்தது. சகோதரி, நான் கேட்பது ஒன்றுதான். தகுதியில்லை என்ற குரல் உங்களுக்குள் பிறந்ததா, வெளியிலிருந்து யாரோ வைத்துவிட்டுப் போனதா? ஜெபவீட்டுக்குப் போவதற்கு முன்பு அது இருந்ததா?

தாமிரபரணிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இரவு முழுவதும் திரும்பத் திரும்பப் படித்தேன். கீழைத்தெரு சகோதரரே, இல்லை, முன்பு இருந்ததில்லை. குழந்தை இல்லாத வருத்தம் இருந்தது, பயம் இருந்தது. ஆண்டவர் என்மேல் கோபமாக இருக்கிறார் என்ற எண்ணம் அன்றைக்குத்தான் வந்தது.

தங்கச்சி, தைராய்டு மட்டும் பார்த்தார்கள். மற்ற பரிசோதனைகளை எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சமயத்தில்தான் ஜெபவீட்டில், ஆஸ்பத்திரியை நம்பினால் ஆண்டவரை நம்பவில்லை என்று அர்த்தம் என்றார்கள். யூதாவின் ஆசா ராஜா தன் நோயில் கர்த்தரைத் தேடாமல் வைத்தியரைத் தேடினான் என்ற வசனத்தைக் காட்டினார்கள். நானும் நிறுத்திவிட்டேன். மனநல மருத்துவரிடம் போனால் அது இன்னும் பெரிய அவிசுவாசம் ஆகாதா?

எண்ணெய்க் குப்பி எழுதியது:

சகோதரி, நான் ஒரு பெந்தெகொஸ்தே போதகரின் மனைவி. எங்கள் சபைகளில் ஒன்றின் பெயரால் உங்களுக்கு இது நடந்ததைப் படிக்கும்போது நெஞ்சு எரிகிறது. நாங்கள் எண்ணெய் பூசி ஜெபிக்கிறோம், சுகம் கிடைக்கும் என்று விசுவாசிக்கிறோம், சுகமானவர்களைக் கண்டுமிருக்கிறோம். ஆனால் சபைக்கு வரும் எவரிடமும் என் கணவர் முதலில் சொல்வது, மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்பதுதான். சர்க்கரை மாத்திரையையும் வலிப்பு மாத்திரையையும் விசுவாசத்தின் பேரில் நிறுத்திவிட்டு வந்தவர்களை நாங்களே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறோம்.

ஆசாவின் கதை தேவனிடம் அடியோடு முகத்தைத் திருப்பிக்கொண்ட ஒரு ராஜாவின் கதை. தன்னைக் கண்டித்த ஞானதிருஷ்டிக்காரனை, அதாவது தீர்க்கதரிசியை, சிறையில் போட்டவன் அவன். அதைக் கொண்டுவந்து ஸ்கேன் எடுக்கப்போகிற பெண்ணிடம் காட்டுவது அநியாயம். பன்னிரண்டு வருஷம் பெரும்பாடுள்ள (உதிரப்போக்குள்ள) ஸ்திரீயை நினையுங்கள். அநேக வைத்தியர்களிடம் போய் எல்லாவற்றையும் செலவழித்தவள். ஏன் வைத்தியரிடம் போனாய் என்று ஆண்டவர் அவளைக் கேட்டாரா? லேவியராகமத்தின்படி அவள் படுத்த படுக்கையும் உட்கார்ந்த இடமும் தீட்டு.  பயந்து நடுங்கிக்கொண்டு முன்னே விழுந்தாள். எல்லார் முன்பாகவும் அவர் அவளை "மகளே" என்று அழைத்தார். உங்களை எல்லார் முன்பாகவும் வேறு விதமாகப் பேசினார்கள். அந்தப் பேச்சுக்கு மேலாக இந்த வார்த்தை உங்கள் காதில் விழ வேண்டும், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

தீமோத்தேயுவுக்கு வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சாப்பிடச் சொன்ன பவுல், "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்" என்று எழுதுகிறார். அவர் கையால் எத்தனையோ பேர் சுகமானார்கள், கூட ஊழியம் செய்தவன் சுகமாகவில்லை. அவனுடைய பாவம் என்ன என்று பவுல் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. ஜெபவீடுகளில் இந்த வசனத்தை யாரும் பிரசங்கிப்பதில்லை, எங்கள் சபையிலும் அரிதுதான்.

பாளை வாத்தியார் எழுதியது:

போதகரம்மா எழுதியதற்கு நம் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. டோனாவூரில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் விழுந்து காயப்பட்டார். 1951-இல் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது வருடம் அறையை விட்டு அதிகம் நகர முடியாமல் கிடந்தார். அவருக்காக ஜெபிக்க ஒரு கிராமமே இருந்தது. அவர் விசுவாசம் குறைந்தவர் என்று டோனாவூரில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள்.

இன்னொரு பெண்ணையும் சொல்லாமல் விட முடியாது. தஞ்சாவூர்ப் பிராமண விதவை ஒருவர், லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு திருமணம் இல்லாமல் வாழ்ந்தார். ஞானஸ்நானம் கேட்டபோது, இந்த நிலையில் முடியாது என்று ஜெர்மன் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். அதிகாரி இறந்தபின், 1778-இல் பாளையங்கோட்டைக்கு வந்தபோது அதே ஷ்வார்ட்ஸ் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். கிளாரிந்தா என்று பெயர். 1785-இல் கட்டி முடிந்த ஆலயம் அவர் முயற்சியால் எழுந்தது. பாப்பாத்தியம்மாள் கோயில் என்று ஊரார் சொன்ன அந்தக் கட்டடம் இன்றும் பாளையில் நிற்கிறது. திருநெல்வேலி திருச்சபையின் முதல் அங்கத்தினர் பட்டியல் அவர் பெயரோடுதான் தொடங்குகிறது. மறுக்கப்பட்ட வருடங்களில் அந்த அம்மாள் சும்மா இருக்கவில்லை, தம்மைச் சுற்றியிருந்தவர்களுக்குக் கற்பித்துக்கொண்டே இருந்தார். மறுத்தது சரியா தவறா என்று இப்போதும் வாதிடுகிறவர்கள் உண்டு. நான் அந்த வழியே போகும்போதெல்லாம், நம் சபை யாரிலிருந்து தொடங்கியது என்பதை மட்டும் நினைத்துக்கொள்வேன்.

மனநல மருத்துவரைப் பார்ப்பது அவிசுவாசமா என்று கேட்டீர்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்காரர்கள் பாகாயத்தில் மனநலத்துக்கென்றே தனி மையம் நடத்துகிறார்கள், நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சை பெறலாம். நடத்துகிறவர்கள் ஜெபிக்கிறவர்கள்தான்.

சகாய அன்னை பக்தன் எழுதியது:

ஆங்கிலக் கவிஞர் வில்லியம் கூப்பரையும் இங்கே குறிப்பிட வேண்டும். பாமாலைகள் எழுதியவர். 1773-இல் மனம் உடைந்து, கடவுள் தன்னைத் தள்ளிவிட்டார் என்று நம்பத் தொடங்கினார். அதன்பின் 1800-இல் இறக்கும்வரை ஆலயத்துக்குள் போகவே இல்லை. அவருடைய போதகர் ஜான் நியூட்டன், ஒரு காலத்தில் அடிமை வணிகக் கப்பலுக்குத் தலைவராக இருந்தவர். கூப்பரிடம் அவர் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. தம் வீட்டிலேயே ஒரு வருடத்துக்கும் மேலாக வைத்துப் பார்த்துக்கொண்டார். எல்லாருக்கும் முழுச் சுகம் கிடைத்துவிடுகிறது என்று நான் சொல்ல மாட்டேன். கூப்பருக்கு அன்றைக்கு மருந்தும் இல்லை. உங்களுக்கு இருக்கிறது, தயவுசெய்து போங்கள்.

வடக்குவாசல் எழுதியது:

சகோதரியின் இழையில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அவர் குற்றமில்லாமல் துன்பப்படுகிறார், எல்லாரும் நன்றாகத் தேற்றினீர்கள். உண்மையாகவே குற்றம் செய்தவனுக்கு என்ன சொல்வீர்கள்? என் தம்பி ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் பணம் கையாண்டு, தண்டனை பெற்று, இப்போது வெளியே வந்திருக்கிறான். அதில் பணம் இழந்த குடும்பங்கள் எங்கள் சபையிலேயே இருக்கின்றன. கோவிலுக்கு வா என்றால், அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்கிறான். வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று ஒலிபெருக்கியில் பிரசங்கம் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறான்.

விழித்திரு எழுதியது:

அண்ணன், இதற்கு நான் பதில் எழுதுகிறேன். தன்னைச் சோதித்தறிய வேண்டும் என்று இந்த இழையில் வற்புறுத்தியவன் நான்தான், இப்போதும் அதை விடவில்லை. உங்கள் தம்பியின் விஷயத்தில் அந்தச் சோதனை முடிந்துவிட்டது. குற்றம் வெளிப்பட்டது, தண்டனையும் அனுபவித்துவிட்டார். கொரிந்து சபையில் இப்படித் தண்டிக்கப்பட்ட ஒருவனைக் குறித்துப் பவுல் இரண்டாம் நிருபத்தில் எழுதுவதைப் பாருங்கள்: "அநேகரால் உண்டான இந்தத் தண்டனையே போதும்." அவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு மன்னித்து ஆறுதல் செய்யுங்கள் என்று சபைக்குக் கட்டளையே கொடுக்கிறார். கண்டிப்பு வேண்டும் என்று பேசுகிற நாங்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளாவிட்டால், எங்கள் கண்டிப்பு வேதத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. அவர் வேப்பமரத்தடியில் நிற்க வேண்டியதில்லை. உங்களோடு உள்ளே வந்து உங்கள் பக்கத்தில் உட்கார வேண்டும்.

சகோதரிக்கும் ஒரு வார்த்தை. ஜெபத்தின் நடுவில் வரும் அந்த எண்ணங்களை நீங்கள் வெறுக்கிறீர்கள். துணிந்து தூஷிக்கிறவன் அப்படி அழுவதில்லை. பரிசோதனைக்கும் போங்கள், பந்திக்கும் போங்கள். நானும் என் மனைவியும் உங்கள் கர்ப்பத்துக்காக ஜெபிக்கிறோம்.

தாமிரபரணிக்கரை எழுதியது:

நன்றி அண்ணன். உங்களிடமிருந்து இதைக் கேட்டது எனக்குப் பெரிய காரியம். என் கணவர் எல்லாவற்றையும் படித்தார். மகப்பேறு மருத்துவரிடம் அடுத்த வாரம் போகிறோம், மனநல மருத்துவரையும் அங்கேயே பார்க்கலாம் என்று அவரே சொல்லிவிட்டார். பந்திக்குப் போக இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. சேகர குருவானவரிடம் முதலில் பேசப் போகிறேன். அந்த நோட்டை என்ன செய்வது என்று தெரியவில்லை.

செவிலி நாகர்கோவில் எழுதியது:

நோட்டைக் கணவரிடம் கொடுத்துவிடுங்கள் அக்கா. மருத்துவர் கேட்டால் காட்டலாம். நீங்கள் திறக்க வேண்டாம், புதிதாக ஒரு வரிகூட எழுதவும் வேண்டாம். பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டுகளையும் மருந்துச் சீட்டுகளையும் தேதி வாரியாக அடுக்கிக் கொண்டுபோங்கள். எந்தெந்த வாரத்தில் கலைந்தது என்பதைக் கட்டாயம் கேட்பார்கள்.

வடக்குவாசல் எழுதியது:

விழித்திரு சகோதரர் எழுதியதைத் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, ஆயக்காரன் சகேயு அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுத்தானே, என்னிடம் அவ்வளவு இல்லையே என்றான். இப்போது ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்கிறான். மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் குடும்பங்களுக்குக் கொடுக்கத் தயாராக இருக்கிறான். ஆனால் அதில் ஒரு குடும்பம் எங்களைப் பார்க்கவே விரும்பவில்லை. அவர்களிடம் எப்படிப் போவது?

விழித்திரு எழுதியது:

நேரில் போக வேண்டாம், அண்ணன். தம்பியால் முடிந்த தொகையை சேகர குருவானவரிடம் கொடுங்கள், அவர் வழியாக அவர்களுக்குப் போகட்டும். ரசீது வாங்கி வையுங்கள். கூடவே கடிதம் எதுவும் வைக்க வேண்டாம். மன்னித்துவிடுங்கள் என்று அவர்களை இப்போது கேட்கவும் வேண்டாம். கேட்டால் அந்தப் பாரத்தையும் அவர்கள்தான் சுமக்க வேண்டியிருக்கும்.